சம்பந்தியம்மாள் பாய் வாங்கப் போனாள்

பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் உலக வழக்கம். பிள்ளையின் அம்மா டெல்லி பார்கவி மாமி உலக வழக்கத்துக்கெல்லாம் அப்பாற்பட்டவள் என்பதைப் போன வாரமே பார்த்தோம். தச்சநல்லூர் சுப்பராமன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சொஜ்ஜியில் நெய் போதாது என்று குறை சொல்லி, அதையே மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவள் தீர்ப்பை ஒத்தி வைத்தாள்.

"பொண்ணைப் பார்த்தாச்சு. இனிமே ஊரைப் பார்க்கணும். ஒரு பொண்ணோட கல்ச்சர் தெரியணும்னா அவ ஊர்க் கடைத்தெருவைப் பார்த்தாப் போறும். நாளைக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன். ஹம்ஸினியே எங்களைக் கூட்டிண்டு போகட்டும்."

"பேஷா," என்றார் சுப்பராமன். வங்கியில் ஒரு கிளையையே மிரட்டி வைத்திருக்கும் அதிகாரி அவர். பிள்ளை வீட்டார் முன்னால் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை வாடகை அம்பாசிடர் ஒன்று வாசலில் நின்றது. அதன் பின்சீட்டில் பாட்டில் தண்ணீர் ஒரு பெட்டி நிறைய இருந்தது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தே தலை நரைத்த சுப்பராமன், விடியற்காலையிலேயே ஜங்ஷனுக்கு ஓடிப்போய் அதை வாங்கி வந்திருந்தார். டெல்லிக்காரர்களுக்கு நம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் சொந்த ஊரைக் கேவலமாக நினைப்பதில் சம்பந்தியை முந்திக்கொண்டால் ஒரு மரியாதை என்று அவருக்கு எண்ணம்.

"வாயைக் குறைச்சுக்கோடி," என்று பாலாம்பாள் மகளின் தலையில் பூவைச் செருகினாள். "மாமி என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. இதுவும் தட்டிப் போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டார்."

ஹம்ஸினிக்கு அப்பா தாங்குவதைப் பற்றிக் கவலையில்லை. அவளால்தான் தாங்க முடியாது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறாள். ஜாதகம் போன வீடுகளிலிருந்தெல்லாம் திரும்பி வந்திருந்தது. நேற்று பார்கவி தன் பெருமையைத் தானே அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை அபிஜித் ஹம்ஸினியைப் பார்த்து ஒரு புருவத்தை லேசாகத் தூக்கினான். என்ன செய்வது, எங்கம்மா இப்படித்தான் என்று அதற்கு அர்த்தம். அந்தப் புருவத்தில் அவள் விழுந்துவிட்டாள். இந்த மாப்பிள்ளை வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள். ஒரு புருவத்தை நம்பிக் கழுத்தை நீட்டத் துணிகிற பெண்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

பார்கவி டெல்லியில் ஒரு மாதர் சங்கத்தில் கைவினைப் பொருள்கள் பற்றிப் பேசுகிறவள். பேசுவதற்காகவே ஊர் ஊராகப் போய்ப் பொருள்கள் வாங்குவாள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கையில் இருக்கும். ஊரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பார்க்கமாட்டாள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஊர் அதன்படி இருக்கிறதா என்று சோதிப்பாள்.

முதலில் நெல்லையப்பர் கோயில். இசைத் தூணைத் தட்டிப் பார்த்து, "சுருதி சேரலை," என்றாள். தூணில் கேட்காத சுருதி அவளுடைய மோதிரத்தில் கேட்டிருக்க வேண்டும். காந்திமதி சந்நிதியில் கண்ணை மூடாமல் அம்மனின் அட்டிகையையே பார்த்தாள். வெளியே வந்ததும், "எங்க கும்மோணத்துக் கோயில்கள் மாதிரி வராது," என்று காவிரிக்கும் தாமிரபரணிக்கும் நடந்த வழக்கைக் காவிரிக்கே தீர்த்து வைத்தாள்.

அடுத்து அல்வாக் கடை. அப்போதுதான் படிகளைக் கழுவிவிட்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த அப்பாத்துரை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பைய வாங்கம்மா, பைய வாங்க," என்றார்.

பார்கவி நின்றுவிட்டாள். "பையெல்லாம் வேண்டாம்ப்பா. என்கிட்டயே பை இருக்கு. பார்த்தியாடா அபி, படியேறும்போதே பை விக்கறா."

ஹம்ஸினி சிரித்துவிட்டாள். அபிஜித்தும் சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அது கொடுத்த தைரியத்தில் அவள், "பையன்னா இங்க மெதுவான்னு அர்த்தம் மாமி. படி வழுக்கும், மெதுவா வாங்கோங்கறார்," என்றாள்.

பார்கவியின் முகம் மாறியது. "மெதுவான்னா மெதுவான்னு சொல்லணும். இதெல்லாம் தமிழ்ல சேர்த்தியா? நான் கும்மோணம். எனக்கு யாரும் தமிழ் சொல்லித்தர வேண்டாம். டெல்லிக்கு வந்து பைய, கையன்னு பேசினா எங்க சங்கத்துல சிரிப்பா. அப்புறம், பல்லு இவ்வளவு தெரியச் சிரிக்கப்படாது."

அபிஜித் அதற்குள் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு கேமராவின் உறையைக் கழற்றுவதில் முனைந்திருந்தான். நேற்றுத் தூக்கிய புருவம் இன்று இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பது வயசு. பெரிய கம்பெனியில் என்ஜினீயர். அம்மா பக்கத்தில் இல்லாதபோது தைரியசாலி என்று கேள்வி.

இனிக் கேட்டாலொழிய வாயைத் திறப்பதில்லை என்று ஹம்ஸினி முடிவு செய்துகொண்டாள்.

பார்கவி அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியை விசாரித்தாள். "தாமிரபரணித் தண்ணியாலதான் இதுக்கு ருசின்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. இதுல தண்ணி எங்க இருக்கு?"

"தண்ணி வத்துத வரைக்கும் கிண்டுததுதாம்மா அல்வா," என்றார் அண்ணாச்சி.

"நெய் ரொம்ப ஜாஸ்தி. வெலையில குறைச்சுப் போடுங்கோ."

அல்வாக் கடையில் பேரம் பேசிய ஆளை அண்ணாச்சி அன்றுதான் பார்த்தார் போலிருக்கிறது. அடுத்தவருக்குப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். ஹம்ஸினிக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது. வரப்போகும் மாமியாரின் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பை வைத்துக்கொண்டே அவள் பிள்ளையைக் கட்டிக்கொள்ளவும் ஆசைப்பட்டாள். இது எப்படி ஒத்துவரும் என்று அவள் யோசிக்கவில்லை. அந்த வயசில் யார் யோசிக்கிறார்கள்.

பிறகு கார் மேற்கே சேரன்மகாதேவி சாலையில் போயிற்று. பத்தமடையில் பாய் வாங்குவது, வீரவநல்லூரில் சேலை பார்ப்பது, கடைசியில் பாபநாசத்தில் கோயிலும் அருவியும் என்று திட்டம். இரண்டு பக்கமும் வயல்கள் பச்சைப் பசேல் என்று கிடந்தன. பார்கவி புத்தகத்தில் வயல் பற்றிய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பத்தமடைப் பாய் பட்டு மாதிரி மடங்குமாம். வெள்ளைக்கார ராணிக்கே போயிருக்காம். கடைக்குப் போனா ஏமாத்துவா. நெய்யற வீட்டுக்கே போகணும். டிரைவர், நல்ல பாய் நெய்யற வீடு எதுன்னு கேளு."

டிரைவர் இசக்கியப்பன் நாற்பதைத் தாண்டியவன். காலையிலிருந்து அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரிந்த மீசை அடிக்கடி அசைந்தது. பத்தமடை டீக்கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்தி, இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"பாய்க்குப் பேர்போனது அசன் மைதீன் பாய் வீடுதானாம்மா. ஆனா அங்கன துட்டியாம். இன்னைக்குப் போவ முடியாது. வேற வீடு பாப்போம்."

"என்னது?"

"துட்டிம்மா. துட்டி வீடு."

தெற்கத்தி வாசகர்களுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் பார்கவியின் பின்னாலேயே கிளம்பிவிடுவீர்கள். துட்டி என்றால் சாவு. துட்டி வீடு என்றால் சாவு விழுந்த வீடு. துட்டி கேட்கப் போவது என்றால் துக்கம் விசாரிக்கப் போவது.

பார்கவியின் முகம் மலர்ந்தது. "டியூட்டியா? அதைத்தான் இப்படிச் சொல்றியா? வேலை நடந்துண்டிருக்கு, அதனால உள்ள விடமாட்டாளாக்கும். துட்டி இல்லைப்பா. டியூட்டி. எங்கே சொல்லு. டி-யூட்-டி."

இசக்கியப்பன் திகைத்துப்போனான். "இல்லம்மா, துட்டின்னா வந்து..."

"எனக்கு அர்த்தம் சொல்லாதே. காலம்பறலேர்ந்து எல்லாரும் எனக்கு அர்த்தம் சொல்றேள். டியூட்டி நடக்கறதைப் பார்க்கத்தான் நான் டெல்லியிலேர்ந்து வந்திருக்கேன். நேரா அந்த வீட்டுக்கே விடு."

இசக்கியப்பன் கண்ணாடியில் ஹம்ஸினியைப் பார்த்தான். நீயாவது சொல்லு தாயி என்ற பார்வை அது.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அம்மாவின் முன்னெச்சரிக்கையும் அல்வாக் கடையில் வாங்கிய பாட்டும் அவள் வாயை அடைத்திருந்தன என்று நாம் சமாதானம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. போகட்டும், வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்பார்கள், கும்பகோணத்து மூக்கு கொஞ்சம் அறுபடட்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்தபோது இனிமையாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குள் மனுஷர்கள் இருப்பார்கள், அழுதுகொண்டிருப்பார்கள் என்று பார்கவிக்குத் தோன்றவில்லை. ஹம்ஸினிக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாமியாரும் மருமகளும் நல்ல பொருத்தம்.

வாசலில் பந்தல் போட்டு, வரிசையாக மடக்கு நாற்காலிகள் கிடந்தன. ஆண்கள் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்த நேரம். வாங்க வருகிறவர்கள் உட்காருவதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்கவி பாராட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். பின்னால் கேமராவோடு அபிஜித். கடைசியில் ஹம்ஸினி. காரைத் திருப்பி நிறுத்திவிட்டு இசக்கியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அபிஜித்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். கணவனை இழந்தவள் அந்த அறையில் இத்தா இருந்தாள். பிற ஆண்களின் கண்ணில் படாமல் அவள் இருக்க வேண்டிய காலம் அது. நெய்கிற சட்டங்கள் சுவரோரம் சாத்திக் கிடந்தன. அங்கே எந்த டியூட்டியும் நடக்கவில்லை.

ஹம்ஸினி எதிர்பார்த்தபடி யாரும் வாசலில் நிறுத்தவில்லை. திட்டவும் இல்லை. நடுவயசுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். ஷரீபா பீவி என்று பெயர். இறந்துபோன அசன் மைதீனின் தங்கை. குலசேகரன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், சாவுக்காக வந்திருந்தாள். அழுது அழுது அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"வாங்கம்மா. இந்த வெயில்ல அம்புட்டுத் தூரத்துலேந்து வந்திருக்கிய. உக்காருங்க," என்று மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பாயை எடுத்து விரித்தாள். தம்பி முற்றத்து ஓரமாகவே நிற்கட்டும் என்று ஹம்ஸினியிடம் மெதுவாகச் சொன்னாள். ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம். பாட்டில் இருக்கு," என்றாள் பார்கவி.

ஹம்ஸினி அந்தச் செம்பை வாங்கிக் குடித்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று மாமியின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, போயிடலாம் வாங்கோ."

"இரு. நன்னா ரிசீவ் பண்றாளே," என்று பார்கவி தான் உட்கார்ந்திருந்த பாயைத் தடவிப் பார்த்தாள். "இது என்ன வெலை?"

"என்னம்மா?" என்றாள் ஷரீபா பீவி.

"இந்தப் பாய். எவ்வளவு?"

ஷரீபா பீவி மற்றவர்களைப் பார்த்தாள். "அது உங்களுக்கு உக்காரப் போட்டதும்மா."

"அது தெரியறது. வெலை என்ன?"

யாரும் பதில் சொல்லவில்லை. பார்கவி ஹம்ஸினியின் பக்கம் சாய்ந்து, "பேரத்துக்கு முன்னாடி இப்படித்தான் மௌனமா இருப்பா. டெல்லி ஜன்பத் பஜார்ல நிறையப் பார்த்திருக்கேன்," என்றாள். சொல்லிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் ஒரு பாய் அலம்பிக் காயப் போட்டிருந்தது. பழைய பாய். ஓரச் சிவப்பு மங்கிப்போய், நெசவு மட்டும் துணி போலத் துவண்டு தொங்கியது. பார்கவி எழுந்து போய் அதைக் கையில் பிடித்தாள்.

"இதுதான். இதுதான் ஒரிஜினல். அபி, ஒரு ஃபோட்டோ எடு."

ஃபிளாஷ் அடித்தது. கூடத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அது குடுக்கதுக்கு இல்லம்மா," என்றாள் ஷரீபா பீவி.

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவா. பழசானா என்ன, புதுப் பாய் வெலையே தரேன்."

"இல்லம்மா. அது எங்க காக்கா கெடந்த பாய்."

"காக்கா கிடந்தா என்ன? அலம்பித்தானே போட்டிருக்கேள். வெலையில கொஞ்சம் கழிச்சுக்கோங்கோ."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு அழுகை வெடித்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை. கூடத்தில் ஒரு பெண் எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். ஷரீபா பீவி கையைக் காட்டி அவளை உட்கார வைத்தாள்.

"காக்கான்னா எங்களுக்கு அண்ணன்மா. எங்க பக்கத்துல மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம். முந்தாநேத்து மவுத்தாயிட்டாக. கடைசியா அந்தப் பாயிலதான் கெடந்தாக." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பார்கவிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்க துட்டி கேக்க வந்தியன்னு நெனச்சேன். வெலை கேக்க வந்தியன்னு தெரியல."

பார்கவியின் கை கொடியிலிருந்து நழுவியது. ஷரீபா பீவி ஹம்ஸினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இந்தப் பக்கத்துப் பிள்ளை மாதிரி இருக்கியே. வாசல்ல யாரும் சொல்லலியாம்மா?"

ஹம்ஸினி தரையைப் பார்த்தாள். அபிஜித் அவளைப் பார்த்தான்.

காரில் ஏறிச் சேரன்மகாதேவி தாண்டும் வரைக்கும் பார்கவி பேசவில்லை. அவள் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் அவள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கும். நீடிக்கவில்லை.

"ஒரு போர்டு போடப்படாதோ? வரவாளுக்கு எப்படித் தெரியும்? ஏம்ப்பா டிரைவர், நீ சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொன்னேம்மா," என்றான் இசக்கியப்பன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "துட்டின்னு சொன்னேன். அப்படிச் சொல்லப்படாது, டியூட்டின்னு சொல்லணும்னிய."

பார்கவி இந்தப் பக்கம் திரும்பினாள். "ஹம்ஸினி, நீ இந்த ஊர்தானே? உனக்குத் தெரியாதா இந்த வார்த்தை?"

கண்ணாடியில் இசக்கியப்பனின் கண்கள் வந்து நின்றன. முன்சீட்டில் அபிஜித் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருப்பது அசையாத கழுத்திலேயே தெரிந்தது. தெரியும் என்றால் கல்யாணம் போயிற்று.

"தெரியாது மாமி," என்றாள் ஹம்ஸினி. "எங்க ஆத்துல துக்கம்னுதான் சொல்லுவோம். இதெல்லாம் நான் கேட்டதே இல்லை."

"அதானே," என்று பார்கவி நிம்மதியாகச் சாய்ந்தாள். "நம்மவா வாயில இந்த மாதிரி வார்த்தையெல்லாம் வருமா. நீ என்ன பண்ணுவே பாவம்."

இசக்கியப்பன் கியரை மாற்றினான். மாற்றிய விதத்தில் அம்பாசிடர் ஒரு முறை முனகியது. பாவத்தைத் தொலைக்கப் பாபநாசம் போக வேண்டியவர்கள் பாதி வழியிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

தச்சநல்லூர் வந்ததும் பார்கவி செருப்பை வாசலில் உதறிவிட்டு, "ஸ்நானம் பண்ணணும். கிணத்தடி எங்க இருக்கு?" என்று நேரே கொல்லைக்குப் போனாள். சாவு வீட்டில் செய்ததற்கு அவளுக்குத் தெரிந்த பரிகாரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுதான். காரணம் புரியாத பாலாம்பாள் தன் நல்ல புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, கொடுத்துவிட்டு, திரும்பிவந்து மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மூஞ்சியை வச்சிண்டிருக்கே? மாமி வரதுக்குள்ள அலம்பிண்டு வா. பொட்டு வேற கலைஞ்சிருக்கு."

ஹம்ஸினி சட்டென்று திரும்பினாள். கூடத்து நாற்காலியில் அபிஜித் உட்கார்ந்திருந்தான். மடியில் கேமரா. அவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். நேற்று அவளைக் கவிழ்த்த அந்தப் புருவம் ஒரு முறை உயர்ந்தது. இப்போது அதற்கு அர்த்தம் வேறு. பிறகு குனிந்துகொண்டான்.

அவனோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதற்குள் சுப்பராமன் வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பார்கவி பாலாம்பாளின் புடவையில், ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தாள். காபியை வாங்கிக்கொண்டாள். காபியைக் குறை சொல்லவில்லை. சுப்பராமனுக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

"நான் தீர்மானம் பண்ணிட்டேன். தை மாசமே நிச்சயம் வச்சுக்கலாம்," என்றாள் பார்கவி. "ஊர் எனக்குப் பிடிக்கலை. ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஆனா உங்க பொண்ணு மேல இந்த ஊர் கொஞ்சம்கூட ஒட்டலை. இன்னிக்கு ஒரு வார்த்தை வந்தது. அசிங்கமான வார்த்தை. டிரைவருக்குத் தெரியறது, தெருவுக்கே தெரியறது. இவளுக்கு மட்டும் தெரியவே தெரியலை. அதுலதான் அசந்துபோனேன்."

"அப்படி என்ன வார்த்தை?" என்றாள் பாலாம்பாள் பூரித்துப்போய்.

"நல்ல காரியம் பேசறப்போ அதெல்லாம் வேண்டாம். நீ என்னடா சொல்றே, அபி?"

சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டாள். அவன் தலையாட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். சுப்பராமன் பேஷா என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார்.

அபிஜித் தலையாட்டவில்லை. பாலாம்பாளைப் பார்த்தான்.

"மாமி, துட்டின்னா என்ன?"

பாலாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, நல்ல நாளும் அதுவுமா அதை ஏண்டா குழந்தை கேக்கறே? செத்தவா வீட்டைச் சொல்றது. எல்லாரும்தான் சொல்லுவோம். இவ அரை டிக்கெட்டா இருக்கச்சே, தெருவுல யார் செத்துப்போனாலும் வாசல்ல நின்னுண்டு துட்டி, துட்டின்னு ஊருக்கெல்லாம் இவதான் தாக்கல் சொல்லுவா. இந்த ஊர்ல இது தெரியாத குழந்தை உண்டோ?"

பார்கவி தம்ளரைக் கீழே வைத்தாள். சுப்பராமன் திறந்த வாயை மூடினார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் பாலாம்பாளுக்குப் புரிந்தது. எது என்று புரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பார்கவி.

ஹம்ஸினி பார்கவியைப் பார்க்கவில்லை. அபிஜித்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"தெரியும். டிரைவர் சொன்னப்பவே தெரியும். மாமி அவமானப்படட்டும்னுதான் சும்மா இருந்தேன். அவா தண்ணி குடுப்பான்னு நெனைக்கலை."

சொன்ன பிறகு அழுகை வந்தது. அடக்கவில்லை. பார்கவி பேச ஆரம்பித்தாள். துரோகம் என்றாள், திட்டம் போட்டுச் செய்தது என்றாள், இந்த ஊர்த் தண்ணீரே இப்படித்தான் என்றாள். ஒரு சொட்டும் குடிக்காத தண்ணீரைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதன் நடுவே அபிஜித் எழுந்தான். கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்த ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் நீளமாக உருவி, நாற்காலி மேல் போட்டான். நெல்லையப்பர் கோயில், அல்வாக் கடை, கொடியில் தொங்கிய பாய், எல்லாம் அதோடு போயிற்று.

"அபி, என்னடா பண்றே? எங்கடா போறே?"

அம்மா கேட்டு அவன் பதில் சொல்லாமல் போனது அன்றுதான் முதல் தடவை. முப்பது வயசில் கால் முளைத்திருக்கிறது, லேட்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் இசக்கியப்பனிடம் ஏதோ சொல்வது கேட்டது. ஏறுங்க தம்பி, என்றான் இசக்கியப்பன்.

ஹம்ஸினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பினால் ஸ்டேஷன். வலது பக்கம் திரும்பினால் பத்தமடைக்குப் போகிற சாலை. பழைய அம்பாசிடர், இரண்டு முறை இருமிவிட்டுப் புறப்பட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்காரனின் மாடு ஒன்று ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. மாடு நகர்ந்தபோது தெருவில் கார் இல்லை.